இடது கண் எழுதிய பரீட்சை

“ர... ஷ... ட... ன... க...”

ஐந்து எழுத்துகள். ஓர் இடத்திலும் இடறவில்லை. கடைசி எழுத்தைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்கி, பேச்சுப் போட்டியில் நன்றி வணக்கம் சொல்கிறவளைப் போல முடித்தேன்.

கண்ணாஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறை அரை இருட்டாக இருந்தது. என் வலது கண்ணை ஒரு கறுப்புக் கரண்டி மறைத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஆஸ்பத்திரியில் வேறு பெயர் இருக்கும், எனக்கு அது கரண்டிதான். எதிர்ச் சுவரில் எழுத்துத் திரை. பக்கத்தில் டாக்டரம்மா, கையில் ரிமோட். எனக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என் கணவர் தாணு, மடியில் என் கைப்பையோடு.

பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டாக்டர் பேசவில்லை. பேசாமல் இருக்கவே தெரியாத என் கணவரும் பேசவில்லை.

“இன்னொரு தடவை வாயிக்கணும், டீச்சர். மெதுவா போதும்,” என்றார் டாக்டர். அவர் மலையாளி. நாகர்கோவில், களியக்காவிளைப் பக்கத்து நோயாளிகளோடு பழகிப் பழகி ஒரு தனித் தமிழைத் தயாரித்து வைத்திருந்தார்.

மறுபடியும் சொன்னேன். முதல் தடவையைவிட அழகாகவே சொன்னேன்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அது ஏன் நகர்ந்தது என்று சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். போன வாரம் நான் ஸ்கூட்டர் பழகிய கதையை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “டீச்சர், நீங்கள் இவ்வளவு சாதுவா?” என்று கேட்டிருந்தார். அவர் என்னிடம் படித்தவராக இருக்க முடியாது.

கைக்குட்டை கட்டிய கைகள்

நான் கணக்கு டீச்சர். திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. பெயர் வேண்டாம், என்னால் அதற்கு ஏற்கெனவே கிடைத்த பெயரே போதும். பிறந்தது நாஞ்சில் நாட்டில், கல்யாணமாகி வந்தது கரமனைக்கு. தாணுவுக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை.

கணக்கு டீச்சராக என் புகழ் சுமார்தான். பரீட்சை ஹாலில்தான் நான் பிரபலம். காப்பியடிப்பவர்களைப் பிடிப்பதில் எனக்கு ஒரு பிறவி ருசி. பகவதி டீச்சருக்கு எந்த அறை என்று காலையில் தெரிந்துவிட்டால், அந்த அறைப் பிள்ளைகள் கிழக்கேகோட்டைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்துவிட்டு வருவார்களாம். பிள்ளையாருக்கு என்னால் வந்த லாபம் அது.

ஒரு வருடம் ஒருத்தி இரண்டு கையிலும் முழங்கைவரை மருதாணி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அக்காவுக்குக் கல்யாணமாம். அழகாக இருக்கிறதே என்று நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். கொடி, இலை, மாங்காய். மாங்காய்க்குள் சைன் தீட்டா. இலைக்குள் காஸ் தீட்டா. உள்ளங்கை நடுவில் டான் தீட்டா பூவாக மலர்ந்திருந்தது. கழுவி விடவும் முடியாது, மருதாணி போக இரண்டு வாரம் ஆகும். என் கைக்குட்டையையும் பக்கத்து ஹால் டீச்சரின் கைக்குட்டையையும் வாங்கி, விரல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி அவள் கைகளில் சுற்றிக் கட்டி எழுத வைத்தேன். தீக்காயம் பட்டவள் மாதிரி எழுதினாள், பாவம். அக்காவுக்குக் கல்யாணம் என்பது மட்டும் நிஜம். எனக்கே பத்திரிகை வந்தது.

“தெரியலைன்னா வெறுமையா விடு. தெரிஞ்ச மாதிரி நடிக்காதே,” என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒரு பிரசங்கம் செய்வேன். மேஜையைத் தட்டிச் சொல்வேன்.

சாயம் போன சிவப்பு

மாதிரித் தேர்வு விடைத்தாள்கள் மேஜையில் குவிந்து கிடந்த ஒரு வெயில் காலம். இடது கண்ணை உருட்டினால் உள்ளே வலித்தது. நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை, பக்கவாட்டில் பார்த்தால் சுரீர். இருபது வருடமாகக் கண்ணை உருட்டியே பிழைப்பு நடத்துகிறவளுக்கு இது தொழில் சம்பந்தப்பட்ட நோய் என்று நினைத்துக்கொண்டேன். தாணுவும் அப்படித்தான் நினைத்தார். கொஞ்சம் சந்தோஷமாகவே நினைத்தார்.

இரண்டு மூன்று நாளில் என் சிவப்புப் பேனா சிவப்பாக எழுத மறுத்தது. புதுப் பேனா வாங்கினேன், அதுவும் அப்படியே. மூன்றாவது பேனாவை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் வாங்கிய கடைக்கே சண்டைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிக் காட்டினார்.

“நல்ல சுவப்பு அல்லே, டீச்சரே? இதுக்கு மேல சுவப்பு வேணும்னா ரெத்தம்தான்.”

குனிந்து பார்த்தேன். வெயிலுக்காக வலது கண்ணைச் சுருக்கினேன், கோடு செங்கல் பொடி நிறத்துக்கு மாறியது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், பளிச்சென்று சிவப்பு. மறுபடியும் வலதை மூடினேன், மறுபடியும் செங்கல். இப்படி மாற்றி மாற்றி நான் கண்ணடித்ததில் கடைக்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்து மனைவியைக் கூப்பிட்டார். அந்தக் கடைக்கு அப்புறம் நான் போகவில்லை.

மறுநாள் இடது கண்ணின் நடுவில் புகை வந்து உட்கார்ந்துகொண்டது. ஓரத்தில் எல்லாம் தெரியும், எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. வலது கண்ணை மூடிக்கொண்டு யாரைப் பார்த்தாலும் காது இரண்டும் இருக்கும், தோள் இருக்கும், முகம் இருக்காது.

அதில் ஒரு நாள் முழுக்க நான் விளையாடினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்டாஃப் மீட்டிங்கில் தலைமையாசிரியை முக்கால் மணி நேரம் பேசினார். நான் கன்னத்தில் கை வைத்து, விரலால் வலது கண்ணை மெல்ல மூடிக்கொண்டேன். ஒரு ஜோடிக் கம்மலுக்கு நடுவிலிருந்து முகமே இல்லாமல் குரல் மட்டும் வந்தது. அவ்வளவு இதமான மீட்டிங் எனக்கு அமைந்ததே இல்லை.

சாயங்காலம் தாணுவின் முகத்தையும் அதே மாதிரி அழித்துப் பார்த்தேன். அழிந்தது. உடனே கண்ணைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

நூற்று நாலாம் நம்பர் ரூம்

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொட்டு மருந்துக் குப்பியின் சிவப்பு மூடியைக் காட்டி, இந்தக் கண்ணில் எப்படி, அந்தக் கண்ணில் எப்படி என்று கேட்டார். ஒன்றில் செம்பருத்தி, மற்றதில் சாயம் போன காவி என்றேன். டார்ச் அடித்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கடைசியில் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். கண் நன்றாக இருக்கிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில்தான் வீக்கம்.

தாணுவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. “டி.வி. நல்லாத்தான் இருக்கு, கேபிள்ல கேடு. எங்க நூத்தி நாலாம் நம்பர் ரூம் மாதிரி,” என்றார். அந்த அறையின் கேபிளை இன்றுவரை யாரும் சரி செய்யவில்லை என்பதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை.

மூன்று நாள் ரத்தக் குழாய் வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வாயில் எந்நேரமும் ஆணியைச் சப்புகிற மாதிரி ஒரு ருசி. தூக்கம் போயிற்று, பேச்சும் பசியும் ஏகத்துக்கு வந்தன. கேன்டீனில் பழம்பொரி போட்டவருக்கு என் வார்டு நம்பர் மனப்பாடம். பக்கத்துக் கட்டில் அம்மாள் என் பேச்சுக்குப் பயந்து ஜன்னலோரத்துக்கு மாறிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “ரெண்டு வாரம் கழிச்சு வரணும், கேட்டோ. மிக்கவங்களுக்கும் இதுல தெளிஞ்சுடும். தெளியலைன்னா முதுகெலும்புல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கணும். வேற சிகிச்சை உண்டு. பேடிக்க வேண்டா.”

பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னது என் காதில் விழவில்லை. வேறு சிகிச்சை இருக்கிறது என்பதும் விழவில்லை. முதுகெலும்பும் ஊசியும் மட்டும் விழுந்தன.

ஊசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அந்த மூன்று நாள் கையில் குத்தியதையே கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் தாங்கினேன். பள்ளியில் தடுப்பூசி போட வரும் நாளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அதட்டிவிட்டு, நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்திருக்கும்.

டம்ளருக்கு வெளியே

அந்த இரண்டு வாரமும் வீட்டில் நான் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தேன். வாயால்.

“இப்பம் எப்பிடி இருக்கு?” என்பார் தாணு, லாட்ஜுக்குக் கிளம்பும்போது.

“நல்ல கொறவு உண்டு,” என்பேன், நோய் பாதி குறைந்துவிட்டதைப் போல.

நிஜத்தில் புகை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்தாலும் தூரம் கணக்கில் பிசகியது. காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். எதிரே வரும் ஆட்டோ நேராக வராமல் வளைந்து வந்து இடிக்கப் போகிற மாதிரி தெரிந்தது. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரத்துக்குப் புகை இன்னும் கெட்டியானது. காப்பிக் கறையைத் துணியால் துடைத்துவிட்டு, பூனைமேல் பழி போட்டேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. பக்கத்து வீட்டுப் பூனை.

அந்தப் பூனைக்குச் சொந்தக்காரி லலிதா மாமி இளநீர்க்குழம்பு என்கிற ஆயுர்வேதக் கண் மருந்தோடு வந்தார். கேரளத்தில் கண்ணுக்கு என்ன வந்தாலும் ஒருவர் இந்தக் குப்பியோடு வாசலில் நிற்பார். ஒரு சொட்டு விட்டால் முன்ஜென்ம ஞாபகமெல்லாம் வரும், அப்படி எரியும்.

“ஒரே ஒரு சொட்டு விட்டுக்கோ, பகவதி. எரிஞ்சா நல்லதாக்கும். நரம்பெல்லாம் முழிச்சுக்கும்.”

டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்று நான் சொல்ல, மாமி விடாமல் நெருங்க, தாணு நடுவில் புகுந்து, “எனக்கு விடுங்க மாமி, எனக்கும் ஒரு மாதிரி மங்கலாத்தான் இருக்கு,” என்று முகத்தை நீட்டினார். மாமி விட்டார். அரை மணி நேரம் தாணு கிணற்றடியில் நின்று மாமியின் மூதாதையர் எல்லாரையும் மனதுக்குள் விசாரித்தார். எனக்காக அவர் செய்த தியாகங்களில் இதை முதலாவதாக அன்று வரிசைப்படுத்தினேன்.

வினாத்தாள் கையில் இருக்க

இரண்டு வாரம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் பார்வை பார்க்கும் பெண்ணிடம் அனுப்பினார்கள். அவள் என் இடது கண்ணில் கரண்டியை வைத்து, வலது கண்ணால் படிக்கச் சொன்னாள். திரையில் மலையாள எழுத்துகள். எனக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, மேலிருந்து கீழ்வரை கடகடவென்று படித்தேன்.

அடுத்து வலது கண்ணில் கரண்டி. திரையில் அதே எழுத்துகள்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். வினாத்தாளையும் விடையையும் முதலில் ஒரு கண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அதே வினாத்தாளை அடுத்த கண்ணுக்குக் கொடுத்தால் எப்படி? எங்கள் பள்ளியில் இப்படி ஒரு பரீட்சை வைத்தால் நான் ராஜினாமாவே செய்திருப்பேன். வெளியே நீண்ட வரிசை நின்றது. அந்தப் பெண் அவசரத்தில் திரையை மாற்ற மறந்திருக்க வேண்டும்.

இடது கண்ணுக்கு முன்னால் வெளிச்சமாக ஒரு கட்டம், அதன் நடுவில் புகை. அவ்வளவுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முதுகுத் தண்டில் சில்லென்று ஏதோ ஓடியது. ஊசி எங்கே குத்தும் என்று முதுகுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. திறந்த வாயிலிருந்து எழுத்துகள் வரிசையாக வந்தன. நடுவில் நம்பும்படியாக இரண்டு இடத்தில் தயங்கினேன். கடைசிக்கு முந்தின வரியில் ஒரே ஓர் எழுத்தை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். நூற்றுக்கு நூறு வாங்கினால் சந்தேகம் வரும் என்று ஹாலில் நான் பிடித்தவர்களிடமிருந்து கற்றிருந்தேன்.

“வளரெ நல்ல முன்னேற்றம், டீச்சர்,” என்று அந்தப் பெண் தாளில் எழுதினாள். தாணு என் தோளைத் தட்டினார். சாயங்காலம் வரும்போது போளி வாங்கிவருவதாக அங்கேயே அறிவித்தார்.

அந்தத் தட்டலை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் வாங்கிக்கொண்டேன்.

நாற்காலி நகர்ந்த காரணம்

டாக்டரம்மா தாளைப் படித்துச் சந்தோஷப்பட்டார். பிறகு டார்ச்சை எடுத்தார். வலது கண்ணில் அடித்தார், இடது கண்ணில் அடித்தார், வலது, இடது, வலது, இடது. வெளிச்சம் பட்டால் கருவிழியின் நடுவிலுள்ள துளை சுருங்க வேண்டும். என் இடது கண் சுருங்காமல் நிதானமாக விரிந்ததாம். அதற்கு நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பார்வை திரும்பினவர்களுக்கும் இது சில நாள் அப்படி இருப்பதுண்டு என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருந்தாலும் விளக்கை அணைத்தார். என் கையில் கரண்டியைக் கொடுத்து வலது கண்ணை மறைக்கச் சொன்னார். ரிமோட்டை ஒரு தடவை அமுக்கினார்.

“அஞ்சாவது வரி மட்டும் ஒண்ணு வாயிங்கோ.”

அப்போதுதான் நான், அந்தப் பெண்ணின் திரையில் மனப்பாடமான ஐந்தாவது வரியின் எழுத்துகளை அவ்வளவு நன்றாகச் சொன்னேன். சொல்லச் சொன்னபோது மறுபடியும் சொன்னேன். பின்னால் நாற்காலி நகர்ந்தது. தாணு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

“எட்டீ பகவதீ,” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “அங்க மலையாளமே இல்லட்டீ. எல்லாம் தமிழு.”

எல்லை தாண்டி வருகிறவர்களுக்காக அந்தத் திரையில் தமிழும் உண்டு. என் தாய்மொழியில் ஐந்து எழுத்துகள் பெரிய வெளிச்சத்தில் நின்றிருக்கின்றன. நான் அவற்றைப் பார்த்தபடி, அங்கே இல்லாத மலையாள எழுத்துகளை ஒப்பித்திருக்கிறேன், இரண்டு தடவை.

நான் கரண்டியை இறக்கினேன். வலது கண்ணுக்கு முதலில் தெரிந்தது தாணுவின் முகம்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தில் ஏதாவது ஒரு மூலையில் சிரிப்பு இருக்கும். அன்று தேடினேன், இல்லை. காப்பியடித்து மாட்டிக்கொண்ட வெட்கம் எனக்கு வரவே இல்லை. இந்த மனிதருக்கு இப்போதுதான் தெரிகிறது, எனக்கு ஒரு கண் தெரியவில்லை என்று. அதை நான் இப்படியா தெரியவைத்தேன்?

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

“கண்ணு பாஸாக வேண்டாம், டீச்சர். எனக்கு உள்ளது என்னன்னு தெரிஞ்சா போதும். நரம்பு ரொம்ப நாள் காத்துட்டு இருக்காது. இன்னிக்கு இதை நான் நம்பி வீட்டுக்கு விட்டிருந்தா, பின்ன வரும்போது என் கையில ஒண்ணும் இருக்காது. இப்போ திரும்பவும் கேட்கறேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்.”

மேலே இருக்கிற ஆகப் பெரிய எழுத்தைக் காட்டினார். தெரியலை என்றேன். கிட்டே வந்து கையை நீட்டி, எத்தனை விரல் என்றார். தெரியலை. இன்னும் கிட்டே வந்தார். தெரியலை. வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் நான் சொல்லாத பதில். மூன்று தடவை சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. பக்கத்தில் தாணு என் கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊசிக்கு முன்னால் ஓர் அலறல்

அன்றைக்கே மறுபடியும் அட்மிட் ஆனேன். முதுகில் ஊசி போட்டார்கள். நான் போட்ட அலறலில் நர்ஸ் பயந்து, “இனியும் தொட்டில்லா, ஸ்பிரிட் ஆணு, ஸ்பிரிட்!” என்றாள். அவள் இன்னும் ஊசியைத் தொடவே இல்லை, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். உண்மையான ஊசி போட்டபோது நான் அலறி முடித்துக் களைத்திருந்தேன், ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ரத்தத்தை ஒரு இயந்திரத்துக்குள் அனுப்பி, அதிலிருக்கும் நீரைப் பிரித்தெடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றும் வைத்தியம். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை. “லாட்ஜ்ல தண்ணி டாங்கு கழுவுற மாதிரிதான்,” என்று தாணு விளக்கம் சொன்னார். சொன்னாரே தவிர, அதில் பழைய உற்சாகம் இல்லை. பெரிய வியாதி எதன் பெயரும் பரிசோதனையில் வரவில்லை என்பது ஓர் ஆறுதல்.

பார்வை திரும்புமா என்று கேட்டோம்.

“திரும்பலாம். குறைவா திரும்பலாம். திரும்பாமலும் இருக்கலாம்,” என்றார் டாக்டர். “சில வாரம் ஆகும். வீட்டுல யாரும் டெஸ்ட் பண்ணிட்டு இருக்க வேண்டாம். அது மனசுக்கு நல்லதில்ல.”

வீட்டில் மாதிரித் தேர்வு

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையே தாணு டெஸ்ட் பண்ண ஆரம்பித்தார்.

அடுக்களை வாசலில் நல்ல வெளிச்சம் வரும். அங்கே என்னை நிறுத்தி, எதிரே நின்றுகொண்டு, தன் இடது உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்துவார். வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

“எத்தனை?”

கை வருவது தெரியும். மணிக்கட்டுக்கு மேலே புகை.

“தெரியலை.”

“சாரமில்ல, போட்டும். நாளைக்குப் பாப்போம்,” என்று சொல்லிவிட்டுக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். குடித்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு. அவருடைய டம்ளரிலும் உப்புதான். அவர் அதை முழுவதும் குடித்துவிட்டு லாட்ஜுக்குப் போனார்.

இரண்டாம் நாள், தெரியலை. மூன்றாம் நாளும் தெரியலை. அன்று அவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு படி இறங்குவதைப் பார்த்தேன். டாக்டரிடம் ஒழுங்காக உண்மை சொல்கிறோமே, அது போதும், வீட்டில் ஒரு மனிதரைத் தினமும் காலையில் இப்படி அனுப்பத் தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

நாலாம் நாள் அவர் கையை நீட்டினார். “மூணு,” என்றேன், குத்துமதிப்பாக.

“கரெக்ட்!” என்றார். “கரெக்ட்டீ!”

அடுத்த நாள் “ஒண்ணு” என்றேன். கரெக்ட். அதற்கடுத்த நாள் “அஞ்சு”. கரெக்ட். காப்பியில் சர்க்கரை திரும்பி வந்தது. செருப்பு சரியான காலுக்குப் போனது. லலிதா மாமியிடம் மதில்மேல் சாய்ந்து, “தேறி வருகா, மாமி,” என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. தினமும் குருட்டாம்போக்கில் அடித்துத் தினமும் சரியாகச் சொல்கிறேனே என்று என் ராசியை நானே மெச்சிக்கொண்டேன். ஏமாற்றுவதில் எனக்கு இவ்வளவு திறமை இருப்பது தெரிந்திருந்தால் சின்ன வயதில் இவ்வளவு படித்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் தெரியலை, தெரியலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்க நேராதபடி, அவரை மருந்துக் கடை வரிசைக்கு அனுப்பிவிடுவேன்.

இப்படி மூன்று வாரம் போயிருக்கும்.

ஒரு காலை. மழை விட்டு வெயில் அடித்திருந்தது. அவர் உள்ளங்கை என் வலது கண்ணைப் பொத்தியது, வலது கை வந்தது.

“எத்தனை?”

நான்கு என்று சொல்ல வாயெடுத்தேன், வழக்கமான ஊகத்தில் அல்ல. அங்கே நான்கு விரல்கள் இருந்தன. சாம்பல் பூசின மாதிரி, ஓரங்கள் கலைந்து, நிறமே இல்லாமல், ஆனால் இருந்தன. கட்டை விரல் மடங்கியிருந்தது. மோதிரம் மங்கலாகத் தெரிந்தது.

அப்போது எனக்குள் இருக்கிற அந்தப் பரீட்சை ஹால் பிசாசு விழித்துக்கொண்டது. இருபது வருடப் பழக்கம், என்ன செய்ய?

“ரெண்டு,” என்றேன்.

“கரெக்ட்!” என்றார் தாணு. “எட்டீ, கரெக்ட்!”

நான்கு விரலும் அப்படியே நின்றன. அவற்றுக்குப் பின்னால், புகையைத் தாண்டி, மெல்ல மெல்ல அவர் முகம் வந்தது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் தினமும் காலையில் இந்த முகத்தோடுதான் என் முன்னால் நின்றிருக்கிறார். ஐந்துக்குள் ஏதோ ஓர் எண்ணை, மூன்று வாரம் தொடர்ந்து தப்பாமல் ஒருத்தியால் எப்படி ஊகிக்க முடியும்? நான் கணக்கு டீச்சர். எனக்கு இது உறைக்கவில்லை. எவ்வளவோ பேரைப் பிடித்தவள், என் அடுக்களை வாசலில் நடந்ததைப் பிடிக்கவில்லை.

“ரெண்டா?” என்றேன். “நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நாலு.”

“என்னது?”

“நாலு வெரலு. கட்டை வெரலு மடங்கி இருக்கு. மோதிரம் இருக்கு. நீங்க அழுதுட்டு இருக்கிய.”

என் வலது கண்ணிலிருந்து அவர் உள்ளங்கை நழுவியது. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அது கலைந்துவிடுமோ என்று பயந்தவரைப் போல அப்படியே மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார். இத்தனை நாளில் ஒரு நாள்கூட அந்தக் கையை அவர் பார்த்ததே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது மற்றக் கையின் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”